விடுபட்டவர் பட்டியல்

மழை பெய்யும்போது கிராம நிர்வாக அலுவலருக்கு இருப்பது உடம்பை வருத்துகிற வேலை. மழை விட்ட பிறகு வருவது பேரைக் கெடுக்கிற வேலை. முதலாவதற்கு எங்களில் யாரும் பயப்பட்டதில்லை. தலையாரியோடு ராத்திரியெல்லாம் ஆற்றங்கரையில் நிற்கலாம், கரை பலவீனமாக இருக்கும் இடத்தில் மணல் மூட்டை அடுக்கலாம், தாழ்வான தெருக்காரர்களைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். ஊரும் கூடவே நிற்கும், டீ வாங்கிக் கொடுக்கும். வெயில் அடித்துத் தண்ணீர் வடிந்ததும் அதே ஊர் அலுவலக வாசலுக்கு வரும். அப்போது கேள்வி ஒன்றுதான்: "சார், என் பேரு லிஸ்ட்ல இருக்கா?"

வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடைக் கிராமங்களில் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வுபெற்றவன் நான். பிறப்பு, இறப்புப் பதிவு, சாதிச் சான்று, வரி வசூல், ஜமாபந்தி என்று எத்தனையோ வேலை பார்த்தேன். ஊர் என்னை நல்லவன் என்றோ கெட்டவன் என்றோ நினைவு வைத்திருப்பது பயிர்ச் சேத நிவாரணப் பட்டியலை வைத்துத்தான். அந்தப் பட்டியல் எப்படி எழுதப்படுகிறது, எங்கே கோணுகிறது, எதைச் செய்தால் நிமிர்கிறது என்று எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

1980இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. அதன் பிறகு தேர்வு எழுதி இந்த வேலைக்கு வந்தவர்கள் நாங்கள். பழைய கர்ணத்துக்கு ஊரின் ஒவ்வொரு வரப்பும் மனப்பாடம். யாருக்கு யார் உறவு, யாருக்கு யார் பகை என்பதும் மனப்பாடம். அந்த அறிவே அவருக்கு அதிகாரம். எங்களுக்கு அந்த அறிவு இல்லை, பதிவேடுகள் மட்டும் இருந்தன: 'அ' பதிவேடு, சிட்டா, புலப்படம், அடங்கல். இவற்றில் அடங்கல்தான் உயிர்நாடி. இரண்டாம் எண் கிராமக் கணக்கு என்று அதற்குப் பெயர். ஜூலை முதல் தேதி பசலி என்ற வருவாய் ஆண்டு பிறந்ததும் புதுக் கணக்கு தொடங்கும். எந்த சர்வே எண்ணில், எந்த உட்பிரிவில், எவ்வளவு பரப்பில், என்ன பயிர், சாகுபடி செய்கிறவர் யார் என்று மாதாமாதம் வயலுக்குப் போய்ப் பார்த்து எழுத வேண்டும். கூட்டுறவுக் கடன், பயிர்க் காப்பீடு, நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை போடுவது, வெள்ள நிவாரணம் என எல்லாம் இந்த ஒரு கணக்கின்மேல் நிற்கின்றன. வயலுக்குப் போகாமல் அலுவலகத்தில் உட்கார்ந்து போன வருஷக் கணக்கைப் பார்த்து எழுதப்பட்ட அடங்கல் மழை வராத வருஷத்தில் யார் கண்ணிலும் படாது. வெள்ளம் வந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

நிவாரணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரியாததால்தான் பாதி சண்டை. பணம் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வருகிறது. அந்த நிதியில் மத்திய அரசின் பங்கு 75 சதவீதம், மாநிலத்தின் பங்கு 25. 2015 வரை பாதிப் பயிர் போனால்தான் கணக்கில் சேரும். அந்த வருஷம் அதை 33 சதவீதமாகக் குறைத்தார்கள். அப்போது நீர்ப்பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய், மானாவாரிக்கு 6,800, நீண்டகாலப் பயிருக்கு 18,000 என்றும், ஒருவருக்கு இரண்டு ஹெக்டேர் வரைதான் என்றும் விதி. 2016-17 வறட்சியின்போது மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்து நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் கொடுத்தது இந்தக் கணக்கின்படிதான். 2020 கடைசியில் நிவர், புரெவி என்று இரண்டு புயல் அடுத்தடுத்து வந்தபோது மாநில அரசு நெல்லுக்கான தொகையை 20,000 ஆக்கி, இரண்டு ஹெக்டேர் வரம்பையும் தளர்த்தியது. 2022க்குப் பிந்தைய மத்திய விதியில் அது 17,000. 2024இல் ஃபெஞ்சல் புயலுக்கு மாநிலம் அறிவித்ததும் அதே 17,000தான்.

எங்கள் பக்கம் நிலத்தை மாவில்தான் பேசுவார்கள். மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. ஐந்து மாவில் சம்பா போட்டவருக்கு ஹெக்டேருக்கு 20,000 என்ற கணக்கில் கிடைப்பது 13,500 ரூபாய்க்குச் சற்றுக் கீழே. போன நெல்லின் விலையை இது ஈடுகட்டாது; ஈடுகட்டுவதற்காகக் கொடுப்பதும் இல்லை. அடுத்த விதைப்புக்குக் கையில் கொஞ்சம் இருக்கட்டும் என்று கொடுப்பது. ஆனால் குத்தகை நிலத்தில், நகையை அடகு வைத்து, உழவும் நடவும் முடித்து, மேலுரம் போட்டுவிட்டுக் காத்திருந்தவருக்கு அந்தத் தொகை வருவதற்கும் வராததற்கும் இடையில் ஒரு வருஷ வட்டி இருக்கிறது.

33 சதவீதம் என்ற கோடு கறாரானது. 32 என்று எழுதினால் ஒன்றும் இல்லை. 34 என்று எழுதினால் நூறு சதவீதம் போனவருக்குக் கிடைக்கும் அதே தொகை. அந்தக் கோட்டை வயலில் யார் கிழிப்பது? நானும் வேளாண்மைத் துறையின் உதவி அலுவலரும். எங்களுக்கு மேலே வருவாய் ஆய்வாளர், தாசில்தார், கோட்டாட்சியர் என்று மாதிரிக்குச் சில வயல்களைப் பார்ப்பார்கள். மற்றதெல்லாம் எங்கள் கண்ணளவுதான்.

அந்தக் கண்ணளவு எளிதானதில்லை. தூர் கட்டும் பருவத்தில் நெல் தண்ணீருக்குள் சில நாள் கிடந்தாலும், தண்ணீர் வடிந்து தெளிச்சியானதும் உரம் கொடுத்தால் எழுந்துவிடும். கதிர் வெளிவந்து பூக்கும் நேரத்தில் மழை பிடித்தால் கதை வேறு. வயல் பச்சைப்பசேல் என்று நிற்கும். ரோட்டில் ஜீப்பில் போகிறவர் பார்த்தால் சேதமே இல்லை என்பார். அறுவடைக்கு அரிவாள் வைத்தால்தான் கதிர் முழுவதும் உள்ளே அரிசி பிடிக்காத கருக்காய் என்று தெரியும். முற்றிய கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தால் நாலைந்து நாளில் முளைத்துவிடும். அது எந்தக் கண்ணுக்கும் தெரியும் சேதம். ஆகவே பார்த்த தேதி முக்கியம், அப்போது பயிர் இருந்த பருவம் முக்கியம். படிவத்தில் சதவீதத்துக்குக் கட்டம் உண்டு. பருவத்துக்கும் பார்த்த தேதிக்கும் நான் எழுதிய படிவங்களில் கட்டம் இருந்ததில்லை. நான் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்தப் பென்சில் குறிப்புதான் உதவியது.

ஊரார் நிவாரணத்தையும் பயிர்க் காப்பீட்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள். "போன தடவை பக்கத்து ஊருக்கு இன்சூரன்சு வந்துச்சே, நமக்கு ஏன் வரல?" என்பார்கள். காப்பீட்டில் பொதுவாகத் தனி வயலைப் பார்ப்பதில்லை. வருவாய்க் கிராமம் மொத்தத்துக்கும் குலுக்கல் முறையில் சில வயல்களைத் தேர்ந்தெடுத்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் கட்டி அறுத்து, எடை போட்டு, அந்த ஊரின் பழைய சராசரியோடு ஒப்பிடுவார்கள். ஊர் சராசரி குறைந்தால் பிரீமியம் கட்டிய எல்லோருக்கும் வரும். குறையாவிட்டால் பயிரை முழுசாகப் பறிகொடுத்தவருக்கும் வராது. நிவாரணம் வயல் வயலாக வருவது. இதை நான் டீக்கடையில் வைத்துப் பலமுறை விளக்கியிருக்கிறேன். விளக்கி முடித்ததும் யாராவது ஒருவர் கேட்பார்: "அப்ப என் வயலுக்கு நீங்க எவ்வளவு போட்டீங்க சார்?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடாது என்பது அப்போது எங்களுக்கு வாய்மொழி உத்தரவு. பட்டியல் ஒப்புதல் ஆகும்வரை ரகசியம்; ஒப்புதல் ஆன பிறகோ மாற்ற முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவே விவசாயி பேச ஒரு நாள்கூடக் கிடையாது.

கோணல் இரண்டு இடத்தில் வரும். முதலாவது, பெயர். டெல்டாவில் நிலம் வைத்திருப்பவர் ஒருவர், உழுகிறவர் இன்னொருவர். கோயில் நிலம், மடத்து நிலம், சென்னையிலும் பெங்களூரிலும் குடியேறிவிட்டவர்களின் நிலம் என்று எல்லாம் குத்தகையில் ஓடுகிறது. பதிவு பெற்ற குத்தகைதாரர் பெயர் ஆவணத்தில் இருக்கும். அதற்கு 1969ஆம் வருஷத்துச் சட்டமே உண்டு. வாய்வார்த்தைக் குத்தகைக்காரர் எந்த ஆவணத்திலும் இருக்க மாட்டார். குத்தகைக்காரர் உரிமை கேட்டுவிடுவார் என்ற பயத்தில் நில உடைமையாளர் எழுதிக் கொடுப்பதில்லை. பட்டாவைப் பார்த்துப் பட்டியல் எழுதினால் பயிரைப் பறிகொடுத்தவருக்கு ஒன்றும் இல்லை. பயிரைக் கண்ணால் பார்க்காதவருக்குப் பணம். இதற்குமேல் தாத்தா பெயரிலேயே நிற்கும் பட்டா, ஆறு பங்காளி சேர்ந்த கூட்டுப் பட்டா. பட்டா, ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல் மூன்றும் ஒத்துப்போனால் வேலை சுலபம் என்பதால், அவசரத்தில் எழுதும் பட்டியல் எப்போதும் பட்டாதாரர் பக்கம்தான் சாயும். அதற்கு யாரும் லஞ்சம் கொடுக்க வேண்டியதில்லை; காலக்கெடு போதும்.

இரண்டாவது, எண்ணிக்கை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று நாலு மாவட்டத்தை உருட்டிப் போட்டது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்தன. மரம் ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100 என்று அரசு அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். தோப்புகளைக் கணக்கெடுக்க வெளியிலிருந்தெல்லாம் ஆட்களை அனுப்பினார்கள், நானும் போனேன்.

நெல் வயலில் பழகிய கண்ணுக்குத் தென்னந்தோப்பு புதுசு. நடுவில் முறிந்தது, வேரோடு சாய்ந்தது, இவை கணக்கில் வரும். சாய்ந்தும் சாயாமல் நிற்பது? கொண்டை திருகிக் குருத்து ஒடிந்து, தண்டு மட்டும் நேராக நிற்பது? அப்படி நிற்கும் மரத்தைக் காட்டி ஒரு பெரியவர் சொன்னார்: "தம்பி, இது செத்துப்போச்சு. இன்னும் அதுக்கே தெரியாது." அவர் சொன்னது சரி. தை, மாசியில் அந்த மாதிரி மரங்கள் மட்டை தொங்கிப் பட்டுப்போயின. எண்ணப்போன நாளில் அது நிற்கிற மரம். அடுத்த தோப்புக்காரர் இருபத்தைந்து அடிக்கு ஒன்று என்ற இடைவெளியை மதிக்காமல் நெருக்கி நட்டவர். ஏக்கருக்கு எழுபது மரம் என்ற கணக்குக்கு மேல் அவரிடம் விழுந்து கிடந்தது. அவருக்கு மரத்தை எண்ணுவதா, பரப்பைப் பெருக்குவதா? வரப்போரத்து மரம் யாருடையது? வாய்க்கால் புறம்போக்கில் வைத்து முப்பது வருஷம் காய் பறித்த மரம் யாருடையது? ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொரு குழுவும் தனக்குத் தோன்றிய பதிலை எழுதியது. ஒரே ஊரில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு விதி, அந்தப் பக்கம் ஒரு விதி. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. எந்த விதியில் எண்ணினோம் என்று எழுதி ஒட்டியிருந்தால் இரண்டு நாளில் ஊரே சமன் செய்திருக்கும். ஒட்டாததால் மாதக்கணக்கில் மனுவாக வந்தது.

பட்டியல் தாலுகாவுக்குப் போன பிறகு அதன் பயணம் எங்கள் கையில் இல்லை. முன்பு காசோலை எழுதிக் கூட்டம் போட்டுக் கொடுத்தார்கள். பிறகு வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பத் தொடங்கினார்கள். நல்ல மாற்றம்தான், இடையில் கை நீட்டுபவர் குறைந்தார். ஆனால் அதோடு பணம் வராததற்கான காரணமும் கண்ணுக்கு மறைந்துபோனது. கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருக்கும். 2020இல் பொதுத்துறை வங்கிகள் இணைந்த பிறகு கிளைகளின் ஐஎஃப்எஸ்சி குறியீடுகள் மாறின. பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதிய கணக்குக்கு அனுப்பிய பணம் திரும்பிப் போகும். சிலருக்குப் பணம் வந்து, வந்த வேகத்தில் பழைய கடனுக்கு வரவு வைக்கப்பட்டிருக்கும். திங்கள்கிழமை மனு நாளில் கலெக்டர் அலுவலக வரிசையில் நிற்பவரைக் கேட்டால் "எனக்கு வரல" என்பார். பெயர் இல்லையா, பெயர் இருந்தும் திரும்பிப் போனதா, வந்து கடனில் கழிந்ததா? அவருக்கும் தெரியாது, மனுவை வாங்குகிற எழுத்தருக்கும் தெரியாது. மனு சுற்றிச் சுற்றி என் மேசைக்கே வரும், "அறிக்கை செய்க" என்று எழுதி.

இதில் சலித்துப்போய்த்தான் ஒரு மழைக்குப் பிறகு, தாலுகாவுக்கு அனுப்பும் முன்பே, பட்டியலை நகல் எடுத்துக் கூட்டுறவுச் சங்கச் சுவரிலும் ரேஷன் கடை வாசலிலும் ஒட்டினேன். ஆதார் எண், கணக்கு எண், செல்போன் எண் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, சர்வே எண், உட்பிரிவு, சாகுபடி செய்பவர் பெயர், பரப்பு, பயிர், நான் போட்ட சதவீதம் மட்டும். தலைப்பில் 'வரைவு, திருத்தத்துக்கு உட்பட்டது' என்று பெரிதாக எழுதினேன். என்னைவிட மூத்த அலுவலர் ஒருவர் செய்தி கேட்டுப் போன் செய்து, "எதுக்குய்யா இந்த வம்பு? ஊரு வெட்டிக்கிட்டுச் சாகும்" என்றார்.

கூட்டம் வந்தது. கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். சாயங்காலத்துக்குள் பட்டியல் பேனாக் கோடுகளால் நிறைந்துவிட்டது. ஒரு அம்மா வந்து, "இந்த நம்பர் வயலு நாலு வருஷமா நாங்கதான் குத்தகைக்குப் பாக்குறோம், பேரு நிலத்துக்காரவுங்க பேருல இருக்கு" என்றார். சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்றார்கள். தனியறையில் அவர் ஒருவராகச் சொல்லியிருந்தால் நான் ஆவணம் கேட்டிருப்பேன். நாலு வரப்புக்காரர் நடுவில் சொன்னதால் அவர்களையே சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லிப் பெயரை மாற்ற முடிந்தது. தரிசாகக் கிடந்த ஒரு வயல் சம்பா என்று ஏறியிருந்ததை ஒரு மாடு மேய்ப்பவர் சொன்னார். அவர் மாடு அங்கேதான் மேய்ந்ததாம். இறந்துபோன ஒருவர் பெயர், இரண்டு முறை வந்த ஓர் உட்பிரிவு, எல்லாம் வெளியே வந்தன. வாய்ச்சண்டையும் நடந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் பயந்த அளவுக்கு இல்லை. பொய் சொல்ல வருபவர் என் அறைக்குள் வந்து சொல்லத் தயங்க மாட்டார். பக்கத்து வரப்புக்காரர் எதிரில் நின்று சொல்வது கஷ்டம்.

ஒன்று மட்டும் அந்தத் தடவை சரிப்படவில்லை. பட்டியலில் இல்லாதவர்கள் ஏன் இல்லை என்று பட்டியல் சொல்லவில்லை. 33க்குக் கீழே வந்ததாலா, அடங்கலில் பயிர் ஏறாததாலா, நகல் கொடுக்காததாலா என்று தெரியாமல் ஒவ்வொருவரும் என்னைத் தனித்தனியாகத் துரத்தினார்கள். வாங்குகிறவர் பெயரை மட்டும் காட்டும் பட்டியல் பாதி உண்மையைத்தான் காட்டுகிறது. இது எனக்கு உறைத்த பிறகு, அடுத்த வெள்ளத்தில் இரண்டாவது தாள் ஒன்று ஒட்டினேன். தலைப்பு 'விடுபட்டவர்'. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே காரணம், நான் வயலைப் பார்த்த தேதி, பயிர் அப்போது இருந்த பருவம். பென்சில் குறிப்புகள் அங்கேதான் கைகொடுத்தன.

ஊர் முதல் தாளை விட்டுவிட்டு இரண்டாவது தாளைத்தான் மொய்த்தது. ஒருவர் கோபமாக வந்தார்: "எனக்கு இருபத்தஞ்சு, அடுத்த வரப்புக்கு நாப்பதா? ரெண்டும் ஒரே வாய்க்கால் தண்ணி சார்!" போய்ப் பார்க்கலாம் என்று ஏழெட்டுப் பேராகக் கிளம்பினோம். அவருடைய வயல் ஒரு சாண் மேடு. கூட வந்தவர்களே, "அண்ணே, உன் தண்ணி ரெண்டு நாள்ல வடிஞ்சுது, அவனுக்கு ஒரு வாரம் நின்னுச்சு" என்றார்கள். அவர் முணுமுணுத்தார், ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மனு போடவில்லை. இன்னொருவர் வந்தார், அவர் வயலை நாங்கள் பார்த்த தேதி பூ வெளிவருவதற்கு முந்தைய வாரம். மறுபடி போய்க் கதிரை உருவிப் பார்த்தோம். கருக்காய். பெயர் முதல் தாளுக்குப் போனது. காரணமும் தேதியும் எழுதியிருந்ததால்தான் இரண்டு பேருக்கும் பேச இடம் கிடைத்தது. பேசியபின் ஒருவருக்குச் சேர்ந்தது, ஒருவருக்குச் சேரவில்லை. இரண்டும் நியாயம் என்று ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

இதில் சங்கடமே இல்லை என்று சொல்ல முடியாது. பட்டியலில் பெயர் வந்ததைப் பார்த்துவிட்டுக் கடன்காரர் வாசலில் வந்து உட்கார்ந்த வீடுகள் உண்டு. தனியாக இருக்கும் பெண்களுக்கு இது பெரிய தொல்லை. சாதி பார்த்துக் குத்தகையைப் பிடுங்கும் ஊர்களில், தன் பெயர் வெளியே தெரியவே வேண்டாம் என்று கெஞ்சிய சாகுபடியாளரும் உண்டு. அவர்களுக்காகத் தொகையைப் போடாமல் விட்டுப் பார்த்தேன். பரப்பு தெரிந்தால் தொகையைக் கணக்குப்போட ஊருக்கு அரை நிமிடம் போதும். ஆனாலும் ரகசியமாக வைத்த காலத்தில் இதே பலவீனமானவர்கள்தான் பட்டியலிலேயே இல்லாமல் போனார்கள். கடன்காரர் வாசலில் வந்து உட்காரும் அளவுக்காவது அவர்கள் பெயர் ஏற வேண்டும்.

சட்டம் எங்களைத் தடுக்கவில்லை, உண்மையில் தள்ளுகிறது. தகவல் உரிமைக்கு முதலில் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு, 1997இல். நாடு முழுமைக்குமான 2005ஆம் வருஷச் சட்டத்தின் 4(1)(ஆ) பிரிவு, மானியத் திட்டங்களில் ஒதுக்கிய தொகையையும் பயனாளிகளின் விவரங்களையும் யாரும் கேட்காமலேயே அலுவலகம் வெளியிட வேண்டும் என்கிறது. நூறு நாள் வேலைத் திட்டத்துக்கான 2005ஆம் வருஷச் சட்டம் கிராம சபையின் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. ஒரு நாள் மண் வெட்டிய கூலியை ஊரே கூடிச் சரிபார்க்கலாம் என்றால், ஒரு போகம் அழிந்ததற்கான பணத்தைச் சரிபார்க்கக் கூடாதா?

2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி இனி பெயரே போடக்கூடாது என்று பேசும் அலுவலர்களைப் பார்க்கிறேன். அந்தச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவை மாற்றித் தனிநபர் தகவலுக்கான விலக்கை அகலமாக்கியது உண்மை. 4ஆம் பிரிவின் வெளியீட்டுக் கடமையை அது நீக்கவில்லை. பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்ற 8(2)உம் அப்படியே இருக்கிறது. ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் ஒருவரின் சொந்த விஷயம். எந்த வயலில் எந்தப் பயிர் அழுகியது, அதற்குப் பொதுப்பணம் யாருக்குப் போனது என்பது ஊர் விஷயம். இந்த இரண்டையும் பிரிக்க ஒரு ஸ்கேலும் மறைக்கும் தாளும் போதும்.

இணையத்தில் போட்டால் போதாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கர்நாடகத்தில் 'பரிஹாரா' என்ற தளத்தில் கிராமவாரியாகப் பயிர் நிவாரணம் பெற்றவர்களைப் பார்க்க முடிகிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் 2020இல் பிரதமரின் கிசான் நிதியில் தமிழ்நாட்டில் தகுதியில்லாதவர்கள் பெயரில் 110 கோடி ரூபாய் அளவுக்குப் போன விவகாரத்தை மறக்கக் கூடாது. அந்தத் திட்டத்துக்கும் கிராமவாரிப் பட்டியல் இணையத்தில் இருந்தது. பணம் போன பிறகு, தேடத் தெரிந்தவருக்கு மட்டும் தெரிகிற இடத்தில் இருந்தது. ஊரில் யார் விவசாயி, யார் இல்லை என்று மாடு மேய்ப்பவருக்குத் தெரியும். அவரிடம் யாரும் அந்தப் பட்டியலைப் படித்துக் காட்டவில்லை. 2024இல் வேளாண் கல்லூரி மாணவர்களை வைத்து ஒவ்வொரு உட்பிரிவிலும் என்ன பயிர் என்று செல்போன் செயலியில் பதிந்தார்கள். பதிவுக்கு அது உதவும். படத்தில் பயிர் தெரியும். குத்தகைக்காரர் தெரிய மாட்டார், உள்ளிருக்கும் கருக்காயும் தெரியாது.

அரசாணையில் மூன்று வரி சேர்த்தால் போதும் என்று நினைக்கிறேன். ஒன்று, வரைவுப் பட்டியலை ஒப்புதலுக்கு முன் ஒரு வாரம் ஊரில் ஒட்டி, கூட்டம் கூட்டிப் படித்துக் காட்ட வேண்டும். இரண்டு, விடுபட்டவர் பட்டியலும் காரணத்தோடும் வயலைப் பார்த்த தேதியோடும் கூடவே ஒட்டப்பட வேண்டும். எந்த விதியில் எண்ணினார்கள் என்பது அதன் தலையில் இருக்க வேண்டும். மூன்று, பணம் அனுப்பிய பிறகு, போய்ச் சேர்ந்தது எது, திரும்பியது எது என்று இன்னொரு முறை ஒட்ட வேண்டும். இதற்குப் புதுத் துறை வேண்டாம், புது மென்பொருள் வேண்டாம். பசையும் தாளும் ஊரில் உண்டு.

எங்கள் அலுவலர் சங்கக் கூட்டம் ஒன்றில் இதைச் சொன்னபோது, "நம்ம அதிகாரம் போயிடுமே" என்றார் ஒரு சகா. போகும். பெயரைச் சேர்ப்பேன், நீக்குவேன் என்ற மிரட்டலில் இருக்கும் அதிகாரம் நிச்சயம் போகும். அதற்குப் பதிலாக, தன் பெயரில்லாத எல்லோரும் 'காசு வாங்கிட்டான்' என்று நம்மைச் சந்தேகிக்கும் நிலையும் போகும். நேர்மையாக எழுதிய பட்டியலையும் ரகசியமாக வைத்தால் ஊர் நம்பாது; அதற்காக ஊரைக் குறை சொல்ல முடியாது. இந்த ஏற்பாடு வெயில் காலத்திலேயே ஆணையாக வர வேண்டும். ஐப்பசியில் வானம் திறந்த பிறகு கணக்கெடுக்கத்தான் நேரம் இருக்கும். விதி எழுத நேரம் இருக்காது.